யோகேந்திரன் வசிக்காத வீடு

“நான் மொன்றியலிலை இல்லையோ? அப்ப உங்களுக்கு முன்னாலை நிண்டு கதைக்கிறது ஆரின்ரை பேய்?”

யோகேந்திரன் போட்ட சத்தத்தில் பல்கலைக்கழகக் கட்டண அலுவலக வரிசையே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற மகள் வினோஜா, இந்த மனிசனை எனக்குத் தெரியாது என்பதுபோல் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கவுண்டரில் இருந்த எலிசா அசையவில்லை. மட்டக்களப்புப் பிள்ளை. பிரெஞ்சை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தமிழிலேயே சொன்னாள்.

“நீங்க இருக்கிறீங்க அங்கிள். எனக்குத் தெரியுது. கடதாசிக்குத்தான் தெரியல்ல.”

“கடதாசிக்குக் கண் இருக்கோ?”

“தாயோ தகப்பனோ ஒரு வருசமாவது கியூபெக் மாகாணத்தில இருந்ததுக்கு அத்தாட்சி வேணும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள தாங்க. இல்லாட்டி வெளிமாகாணக் கட்டணம்தான்.”

வெளிமாகாணக் கட்டணம் என்றால் வினோஜாவின் விமானப் பொறியியல் படிப்பு அவ்வளவுதான். கியூபெக் கட்டணத்தைவிடப் பல மடங்கான அதைக் கட்ட யோகேந்திரனால் முடியாது. அது அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

மனிதர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு வருடமாக மொன்றியலின் சென்ட் லோரன்டில் குடியிருக்கிறார். இரண்டு பனிக்காலம் வாசல் பனியை அள்ளி இடுப்பு விட்டுப்போயிருக்கிறது. ஆனால் அவர் ஓட்டுவது பக்கத்து மாகாணத்து ரொறொன்ரோக் கொம்பனியின் லொறி. லைசன்ஸ், வரிக் கடிதம், ஆஸ்பத்திரி அட்டை எல்லாம் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் தங்கச்சி வீட்டு விலாசத்தில் கிடந்தன. வினோஜாவும் பிரெஞ்சு தெரியாதென்று அந்த அத்தை வீட்டிலேயே நின்று பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, இந்த ஜூனில்தான் வந்து சேர்ந்தாள். விலாசத்தைப் பேந்து ஆறுதலாய் மாத்துவம் என்று விட்டிருந்தார். எங்கள் ஆட்களின் ‘பேந்து’ என்றைக்கு வந்தது, இவருக்கு மட்டும் வர?

மனைவி இந்திராதேவியின் பெயரில் ஏதாவது இருக்குமா என்றால், அவள் வீட்டில் இடியப்பம் அவித்து விற்பவள். இடியப்பத்துக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்?

“லீஸைக் கொண்டுவாங்க அங்கிள், அது காணும்” என்றாள் எலிசா.

அங்கேதான் வில்லங்கம். லீஸ் என்கிற வீட்டு வாடகை ஒப்பந்தம் இந்திராதேவியின் அண்ணன் ஸ்ரீதரனின் பெயரில் இருந்தது. அவர் அந்த வீட்டில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு ரொறொன்ரோவுக்குப் போனபோது வீட்டுத் திறப்பை மச்சானின் கையில் வைத்து, “பேரை மட்டும் மாத்தாதை மச்சான். புது ஆள் எண்டால் வீட்டுக்காரன் வாடகையை ஏத்திப்போடுவான். என்ரை பேரிலையே கிடக்கட்டும். எல்லாம் உனக்காகத்தான்” என்றார். மாதா மாதம் யோகேந்திரன் வாடகையை ஸ்ரீதரனுக்கு அனுப்புவார், ஸ்ரீதரன் அதை வீட்டுக்காரனுக்கு அனுப்புவார். மொன்றியலில் பாதித் தமிழர் இப்படித்தான் குடியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் யோகேந்திரன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கரண்ட் பில்லும் மச்சானின் பெயரில்தான் இருந்தது. போன் போட்டு, பத்தே நிமிடத்தில் தன் பெயருக்கு மாற்றினார்.

“பாத்தியே? விசயம் தெரிஞ்சவனுக்கு எல்லாம் பத்து நிமிசம்” என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

ஈமெயிலில் கடிதம் வந்தது. வினோஜா வாசித்தாள்.

“அப்பா, ‘உங்கள் புதிய வீட்டுக்கு வாழ்த்துகள்’ எண்டு போட்டிருக்கு. நீங்கள் இண்டைக்குத்தான் குடிவந்தீங்களாம்.”

“கோதாரி விழுவான்கள்! ரெண்டு வருசமாய் இந்த லைட்டை ஆர் போட்டு நூத்தது?”

“நீங்கள் அவசரப்பட்டு மாத்தாமல் இருந்திருக்கலாம்” என்றாள் இந்திராதேவி.

“நீ வாயை மூடு!”

மறுநாள் வீட்டுக்காரனிடம் போனார். வீட்டுக்காரன் எண்பது வயதுக் கிரேக்கக் கிழவன், கீழ்த்தட்டில் இருக்கிறான். ‘யோகேந்திரன் இந்த வீட்டில் இரண்டு வருடமாக வசிக்கிறார்’ என்று ஒரு வரி. அதற்கு மேல் யோகேந்திரன் ஒன்றும் கேட்கவில்லை.

கிழவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“நீ ஸ்ரீதரன் இல்லையா?”

“இல்லை. நான் யோகேந்திரன்.”

“இரண்டு வருடமாக உன்னை நான் ஸ்ரீதரன் என்றுதானே கூப்பிடுகிறேன்? நீயும் ‘வீ, மிஸ்யூ’ என்றுதானே சொன்னாய்?”

சொன்னதுதான். ‘ஓம் ஐயா’ என்று பிரெஞ்சில் மரியாதைக்குச் சொன்னது.

கிழவன் எழுந்து நின்றுவிட்டான். “அப்படியானால் உனக்கும் இந்த வீட்டுக்கும் லீஸ் இல்லை. புது லீஸ் போடு, புது வாடகை கட்டு. இல்லாவிட்டால் மாத முடிவில் இறங்கு. ஸ்ரீதரனிடம் நானே கேட்கிறேன்!”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். யோகேந்திரன் படியேறி மேலே வருவதற்குள் ஸ்ரீதரனின் போன் வந்துவிட்டது.

“உனக்கு விசரோ மச்சான்? கிழவன்ரை வாயைப் போய்க் கிண்டியிருக்கிறாய்!”

“பிள்ளையின்ரை படிப்புப் போகுது. நீ இந்த வீட்டிலை இல்லை, நான்தான் இருக்கிறன் எண்டு ஒரு கடிதம் எழுதித் தா.”

“அதெல்லாம் ஏலாது.”

“ஏன் ஏலாது?”

“சும்மா வெளிமாகாணக் காசைக் கட்டிப்போட்டுப் போவன். என்ரை மகன் யதுர்ஷனும் அதே கம்பசிலைதானே படிக்கிறான்? நான் முதுகு முறியக் கட்டேல்லையே? நான் ஒரு நாள் வாய் திறந்து அழுதனானோ?”

யோகேந்திரனுக்கு உச்சந்தலை கொதித்தது. “நீ கட்டினால் நானும் கட்டவேணும் எண்டு சட்டமோ? எடேய், நீயெல்லாம் ஒரு மச்சானோ?”

போனை இந்திராதேவி பறித்தாள். “அண்ணை, என்ரை பிள்ளைக்குக் கடிதம் தராட்டில் இனி உங்கடை வீட்டு வாசல் மிதிக்க மாட்டன். செத்தவீட்டுக்கும் வரமாட்டன். சொல்லிப்போட்டன்” என்றாள். செத்தவீடு என்றதும் ஸ்ரீதரன் இறங்கிவந்தார்.

கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. பிரெஞ்சில், பெரிய கையெழுத்தோடு. அலுவலகத்துக்குப் போகிற வழியில் மெட்ரோவுக்குள் வினோஜா அதை மொழிபெயர்த்தாள்.

“‘சென்ட் லோரன்டில் உள்ள எனது இல்லத்தில் நான் நிரந்தரமாக வசித்து வருகிறேன். என் தங்கையின் குடும்பம் சில காலமாக என்னுடன் விருந்தாளிகளாகத் தங்கியுள்ளது.’”

“என்னது? நான் விருந்தாளியோ?” மெட்ரோவே அதிர்ந்தது. “வாடகை கட்டுறது நான், பனி அள்ளுறது நான், கக்கூஸ் குழாய் திருத்தினது நான். உன்ரை மாமன் வீட்டுக்காரனோ?”

“அப்பா, ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்!”

கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. எலிசா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

“இது சரிவராது அங்கிள். விருந்தாளிக்குக் கியூபெக் கட்டணம் இல்ல.”

அவ்வளவுதான். யோகேந்திரன் கவுண்டரில் ஓங்கி அடித்தார். “அவன் அந்த வீட்டிலை இல்லைப் பிள்ளை! அவன் ரெண்டு வருசமாய் ரொறொன்ரோவிலை கிடக்கிறான். மாதா மாதம் அவனுக்கு நான் வாடகை அனுப்பினது என்ரை பேங்க் புத்தகத்திலை கிடக்கு. இருபத்திநாலு தரம் அனுப்பியிருக்கிறன். என்ரை பிள்ளை கண் முழிச்சுப் படிச்சு எடுத்த இடம் இது. உந்தப் பொய்க் கடதாசிக்காக அதை நான் விடுவனோ?”

வினோஜா போனைப் பைக்குள் வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எலிசா நிமிர்ந்து பார்த்தாள். “இருபத்திநாலு மாசமும் பேங்கில இருக்கா? அதை முதலிலயே சொல்லியிருக்கலாமே அங்கிள்! அந்தப் பேங்க் கடதாசியும், ஸ்ரீதரன் அந்த வீட்டில இல்ல, நான்தான் இருக்கன் எண்டு உங்கட கையெழுத்தும் காணும்.”

யோகேந்திரனுக்கு மூச்சு வந்தது. ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். “பேனையைத் தா பிள்ளை! ஒண்டுக்குப் பத்துக் கையெழுத்து வைக்கிறன்!”

எலிசா பேனையை நீட்டவில்லை. அந்த வீட்டு விலாசத்தைத் திரையில் தட்டி, வந்ததை வாசித்தாள். பிறகு கவுண்டருக்கு மேலால் எட்டிக் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“வைக்கிறதுக்கு முதல் யோசிச்சு வையுங்க அங்கிள். உங்கட மச்சான் அந்த வீட்டில இருக்கிறார் எண்டு, இதே லீஸைக் காட்டித்தான் யதுர்ஷனுக்குப் போன வருசத்தில இருந்து நாங்க கியூபெக் கட்டணம் எடுக்கிறம்.”