ஏரி நடுவில் ஒரு சோடிச் சப்பாத்து

காலணியைத் தொலைப்பதற்கென்று தமிழருக்கு மரபான இடங்கள் உண்டு: கோயில் வாசல், கலியாண மண்டபம், செத்த வீடு. இவற்றில் எங்கே தொலைத்தாலும் பார்ப்பவர்கள் அனுதாபப்படுவார்கள். நான் தொலைத்தது உறைந்துபோன ஓர் ஏரியின் நடுவில். ஆகவே அனுதாபம் கிடைக்கவில்லை.

மொன்றியலுக்கு வடக்கே, பேருந்தில் நெடுநேரம் போய்ப் பின் படகேறினால் வருகிற சிறு தீவு அது. கடை கிடையாது. ஒரு விடுதி, கூடாரமடிக்கச் சில இடங்கள், மற்றதெல்லாம் ஊசியிலை மரங்கள். கோடையில் வகுப்புத் தோழிகளுடன் முதன்முறை போனேன். (விடுதிக்குக் காசில்லை, கூடாரத்தில் நுளம்புகளுக்கு உணவாகக் கிடந்தோம்.) அங்கேதான் அசோக்கைச் சந்தித்தேன். மதுரைக்காரர், ஏரிகளை ஆராயும் மாணவர், விடுதியைப் பார்த்துக்கொள்வதற்குக் கைம்மாறாக அங்கேயே தங்கியிருந்தார். நானோ இலக்கிய மாணவி. தண்ணீரைப் பற்றி அறிந்ததெல்லாம் உவமைகளாகவே. இருந்தும் மாலைதோறும் படகுத்துறைப் பலகையில் கால்களைத் தொங்கவிட்டபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான் பேசியதைவிடப் பேசாமலிருந்ததே அதிகம். அதையும் அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்குச் சிக்கலாகிப்போனது.

கடைசி மாலையில் கேட்டார்: "குளிர்காலத்துல ஏரி மேலயே நடந்து வந்துடலாம். படகுக் காசு மிச்சம். வருவீங்களா?"

"பார்ப்பம்," என்றேன்.

(கடையில் இனிப்புக் கேட்கும் பிள்ளைக்கு எங்கள் வீட்டில் கிடைக்கிற மறுமொழி அது. அவருடைய முகம் போன போக்கைப் பார்த்தால், மதுரையிலும் அப்படித்தான் போலிருந்தது.)

இலையுதிர்காலம் முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லை மனத்துக்குள் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பனி உருகுவதற்குள் ஆய்வை முடித்துக்கொண்டு அவர் வன்கூவருக்குப் போகிறார் என்ற செய்தி வந்தபோது, திருத்தம் ஒரு முழு வாக்கியமாக வளர்ந்திருந்தது: "கோடையில் நான் சொல்ல நினைத்தது வேறு; உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் என் மனம் ஆறுகிறது." அரைப்புள்ளி உட்பட மனப்பாடம். போகவேண்டும், இதைச் சொல்லவேண்டும், திரும்பவேண்டும். திட்டம் அவ்வளவே.

கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டுச் சமையலறையில் விசாரணை நடந்தது.

"இந்தப் பனிக்குள்ள தீவிலை என்னத்தைப் பாக்கப்போறாய்?" என்றார் அம்மா.

"குளிருக்கை அரைவிலை, அம்மா."

அதற்குமேல் அம்மாவிடம் வாதம் இல்லை. அரைவிலையை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. (என் பனிச் சப்பாத்தே லவாலில் அரைவிலைக்கு வாங்கியதுதான்.) சுடுதண்ணிப் போத்தலில், பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீயை நிரப்பித் தந்தார். "காலை மட்டும் சூடா வைச்சிரு. மிச்சத்தைக் கடவுள் பாப்பார்."

கடவுள்தான் பார்த்தார்.

ஏரியின்மேல் சிறு மரங்களை நட்டு வழி குறித்திருந்தார்கள். பாதி தூரத்தில், பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பவரின் மரக்குடில் ஒன்று நின்றது. ழெர்மேன் என்ற முதியவர் கதவைத் திறந்து "போன்ஜூர்" சொல்லி, விறைத்துப்போயிருந்த என் முகத்தைக் கண்டு உள்ளே கூப்பிட்டார். உள்ளே சிவப்புக் கம்பளம். எதிர்ச்சுவரில் மாதா சிலை. அதன்முன் மினுங்குகிற ஒரு சிறு விளக்கு.

என் கால்கள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. சாமியையும் விளக்கையும் சேர்த்துக் கண்டால் அவற்றுக்கு ஒரே வேலைதான் தெரியும். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி, வெளியே சுவரோரமாகப் பனியே படியாத, வழவழப்பான ஓரிடத்தைத் தேர்ந்து, இரண்டையும் ஒழுங்காக இணைத்து வைத்தேன். (அந்த இடம் மட்டும் ஏன் அப்படி வழவழவென்றிருக்கிறது என்று சிந்திப்பது என் பாடத்திட்டத்தில் இல்லை.) உள்ளே போய்க் கும்பிட்டும் விட்டேன்.

ழெர்மேன் நெகிழ்ந்துபோனார். மீன் படட்டும் என்று மனைவி வைத்த மாதாவாம். இதுவரை எவரும் அவளுக்காகத் தொப்பியைக்கூடக் கழற்றியதில்லையாம். சூடாகச் சூப் தந்தார். நான் இளகிக்கொண்டிருக்க, அவர் துளையில் சேரும் பனிக்கூழை வாளியில் அள்ளி, சுவரிலிருந்த சிறு கதவைத் திறந்து வெளியே வீசிக்கொண்டேயிருந்தார். வழக்கமாக வீசுகிற இடத்தில்.

வெளியே வந்தபோது சப்பாத்துகள் வைத்த இடத்திலேயே இருந்தன, அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்த பொருள்போல.

"ஏன் மகளே, அங்கே கொண்டுபோய் வைத்தாய்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"உள்ளே மாதா இருக்கிறாரே."

"மாதாவுக்கு இதெல்லாம் பழக்கம். நான் அவள் முன்னால்தான் மீன் வெட்டுகிறேன்."

அவர் சுத்தியலால் தட்டினார், அசையவில்லை. அறிவியல்பூர்வமாகச் சிந்தித்து, அம்மாவின் பிளேன்ரீ முழுவதையும் அதன்மேல் நான் ஊற்றினேன். அதுவும் உறைந்தது. இப்போது சப்பாத்துகளுக்குத் தேநீர் நிறத்தில் ஒரு மெருகும் ஏறியிருந்தது.

எஞ்சியிருந்த வழி ஒன்றுதான். மீனைக் குளிராக வைக்கும் பெட்டி காலைச் சூடாகவும் வைக்கும் என்று ழெர்மேன் கண்டுபிடித்தார். கம்பளிச் சாக்கில் சுற்றிய இரு கால்களையும் அந்தப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு, அவருடைய பனிமோட்டாரின் பின்னால் இழுபட்ட சறுக்குப்பலகையில், பிடிபட்ட மீன்களின் நடுவில் உட்கார்ந்தபடி, என் வாழ்க்கையின் முதற் காதல் பயணத்தை நிறைவுசெய்தேன்.

அசோக் கரையில் நின்றார். பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஷூ எங்கங்க?"

வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. மீன் வாடை அதை முந்திக்கொண்டது.

"ஏரியிலை," என்றேன். "சாமி கும்பிட்டனான்."

வாளிக் கதையை ழெர்மேன் சொல்லி முடித்தார். அசோக் சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. "கோயில்ல எனக்கும் போயிருக்கு. ஆனா தண்ணி ஊத்திச் சாமியே எடுத்துக்கிட்டதில்ல." மதுரையிலிருந்து கொண்டுவந்த தன் ரப்பர் செருப்பை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

ரப்பர் செருப்புடன் பனியில் இறங்க முடியாது. ஆகவே, கோடை முடிந்ததிலிருந்து நான் ஏங்கிக்கிடந்த தீவை யன்னல் வழியாகவே பார்த்தேன். அவர் ஏரியை அளக்கப் போவதையும், சின்னஞ்சிறு கறுப்புப் புள்ளியாகிப்போவதையும், அந்தப் புள்ளி மெல்லப் பெரிதாகித் திரும்பி வருவதையும் பார்த்தேன். திரும்பி வரும்போதெல்லாம் வாக்கியத்தைத் தொடங்குவேன். கதவைத் திறந்ததும் அவர், "கால் சூடாயிருச்சா?" என்பார். "ஓம்," என்பேன். அத்துடன் முடிந்துவிடும்.

புறப்படும் நாளில் ஒற்றைச் சப்பாத்தை உடைத்தெடுத்துக் கொண்டுவந்தார். "இன்னொண்ணையும் எடுத்துடறேன். கொஞ்சம் டைம் வேணும்." விடுதியில் யாரோ விட்டுச்சென்று, அன்றுதான் கண்ணில் பட்ட பழஞ்சப்பாத்தில் நான் கரை சேர்ந்தேன். படகுத்துறையில் நின்று அவர் கையசைத்ததை மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். (சரியாகச் சொன்னால், திரும்பியபடியே நடந்தேன்.)

அவர் வன்கூவருக்குப் போனபின் ஒரு படம் வந்தது: அங்கே ஒரு யன்னலோரம், தேநீர் மெருகு மாறாமல், என் மற்றச் சப்பாத்து. கீழே ஒரு வரி: "தபால்ல அனுப்பட்டுங்களா?"

இம்முறை திருத்தி எழுதவில்லை. "வேண்டாம். தபாற்செலவு அதிகம். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்," என்று உடனே அனுப்பினேன். வன்கூவருக்கான விமானச் சீட்டின் விலையை அறிந்த எவரும் என் கணக்கறிவைக் குறித்துக் கவலைப்படுவார்கள். அவர் கவலைப்படவில்லை. "கால் சைஸ் மாறுறதுக்குள்ள வாங்க," என்று எழுதினார்.

ஒற்றைச் சப்பாத்து எங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. அம்மா அதை எறிய விடுவதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்: "கோயிலிலை சப்பாத்தைத் துலைச்சவை கனபேர். ஏரிக்கை துலைச்சது என்ர பிள்ளை மட்டும்தான்." சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பி, "மற்றது எப்பவடி வரும்?" என்பார்.

"பார்ப்பம்," என்பேன்.

இரவல் வாங்கிய பயணப்பெட்டி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. இந்தக் கோடையில் அரைவிலைச் சீட்டுக் கிடைக்கும் என்கிறார்கள்.