பௌர்ணமியன்று மாமனாரின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தேன்

மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளைக்குச் சும்மா உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். விருந்தைச் சாப்பிட்டோமா, ஒரு தூக்கம் போட்டோமா என்று இருப்பவன் மரியாதையோடு ஊர் திரும்புவான். நான் உதவி செய்யப் போனேன்.

என் மாமனார் திருவண்ணாமலையில் லாட்ஜ் நடத்துகிறார். கல்யாணமான புதிதில் ஒரு பௌர்ணமியன்று போயிருந்தோம். ரிசப்ஷனில் என் மைத்துனி நித்யா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப ஸ்லோ மாமா. இது ஆன் ஆகறதுக்குள்ள கிரிவலமே சுத்திட்டு வந்துடலாம்" என்றாள் என்னிடம். அறை பதிவுகளைக்கூட வெறும் எழுத்துக் கோப்பில்தான் தட்டிவைத்திருந்தாள். வேறெதுவும் சீக்கிரம் திறக்காதாம்.

லினக்ஸ் கம்ப்யூட்டர். எந்தப் புண்ணியவானோ அதில் இரண்டு டெஸ்க்டாப்புகளை, அதாவது படமும் பட்டனுமாய்த் தெரியும் முகப்பை இரண்டு விதமாக, ஏற்றியிருந்தான். கால்குலேட்டர் இரண்டு, கடிகாரம் இரண்டு, படம் பார்க்க இரண்டு. (ஒரே வீட்டில் இரண்டு சமையலறை!)

"வேண்டாத ஒண்ண தூக்கிட்டா பறக்கும்" என்றேன். மாமனார் முகத்தில் பெருமை. அந்தப் போதையில் நீக்கச் சொல்லும் கட்டளையைத் தட்டி, நடுவில் 'இதைப் போன்ற பெயருள்ள எல்லாமே' என்று அர்த்தமாகும் நட்சத்திரக் குறியையும் போட்டேன். என்னென்ன போகப்போகிறது என்று திரை முழுக்க ஓடியது. 'தொடரலாமா?' என்று பாவம், கேட்கவும் செய்தது. (படித்துப் பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை.) 'சரி' என்று தட்டிவிட்டு, பந்தாவாக ரீஸ்டார்ட் செய்தேன்.

கறுப்புத் திரை. மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. இரண்டு டெஸ்க்டாப்பும் போய்விட்டன. துணைக்கு இன்டர்நெட்டையும் அழைத்துக்கொண்டு போயிருந்தன.

"என்னங்க மாப்ள, ஒண்ணும் வரலியே?"

"வரும் மாமா" என்றேன். வியர்வைதான் வந்தது. வாசலில் பெங்களூர் வேன் நின்றது. பெட்டிகளோடு குடும்பங்கள் இறங்கின.

அப்போதுதான் புத்தி வந்தது. போனது அலங்காரம்தானே? நித்யாவின் கோப்பு? அந்தக் கறுப்புத் திரையிலேயே கட்டளை தட்டித் தேடினேன். பத்திரமாக இருந்தது! பெயரைக் கொடுத்தால் கோப்பில் அந்தப் பெயருள்ள வரியை மட்டும் காட்டும் கட்டளையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"பேரு சொல்லுங்க சார்."

"முரளி."

தட்டினாள். கண் இமைப்பதற்குள் அறை எண் வந்து நின்றது. அவர் கவுண்டருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னா சிஸ்டம் மேடம் இது! எங்க ஆபீஸ்லயே இல்ல" என்றார். பௌர்ணமிதோறும் ரோடு வரை நீளும் வரிசை அன்று வாசற்படியைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை, போனிலிருந்து நெட் கொடுத்து டெஸ்க்டாப்பை மறுபடி ஏற்ற உட்கார்ந்தேன். மாமனார் கையைப் பிடித்துக்கொண்டார். "எதுவும் போடாதீங்க மாப்ள. இப்பதான் தொல்லை கம்மி, வேகம் ஜாஸ்தி."

எல்லாம் திட்டமிட்டுச் செய்தவன்போலத் தலையசைத்தேன். என் சட்டை நனைந்ததைப் பார்த்திருந்த நித்யா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்த லாட்ஜில் இன்றும் கறுப்புத் திரைதான். மாமனார் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மாப்ள பண்ணது" என்று காட்டுகிறார். வீட்டுக்குள்தான் கதை வேறு. போன மாதம் மாமியார் ஃப்ரிட்ஜைத் துடைக்கத் துணியோடு கிளம்ப, உதவலாம் என்று எழுந்தேன். நித்யா குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க உக்காருங்க மாமா. கதவாவது மிஞ்சட்டும்."