இறங்கிப் பூட்டும் சக்கரம்

"தானாப் பூட்டிக்கிற கதவை நம்பாதே" என்று நம்மவருடைய மாமனார் சொல்வார். அதற்குப் பின்பாதி ஒன்றும் உண்டு. சாவி என்று வரும், பகை என்று வரும். மாமனாருக்குச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதுதான் பழமொழி வரும் என்பதால், பின்பாதி குழாய்ச் சத்தத்தோடு போய்விடும். முன்பாதியே போதும் என்று மருமகன் வைத்துக்கொண்டார். ஊரார் எழுத்தில் பிழை திருத்திப் பிழைக்கிற மனிதர், அரை வாக்கியத்தை நம்பி முழுத் தீர்மானம் எடுத்தார் என்றால் விதியை என்ன சொல்ல.

தீர்மானம் இதுதான். வீட்டு வண்டியின் முன்சக்கரங்களில் இருக்கும் ஆட்டோமேட்டிக் ஹப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மேனுவல் ஹப் மாட்டுவது.

வண்டி ஒரு பழைய பிக்கப். நாலு சக்கரத்துக்கும் விசை போகும் ஜாதி. நல்ல சாலையில் பின்சக்கரங்கள் மட்டும் உழைக்கும். முன்சக்கரங்கள், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, சும்மா கூடவே உருளும். சேறு வந்தால் உள்ளே ஒரு லீவரைத் தள்ள வேண்டும். உடனே முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் தானாகப் பூட்டிக்கொள்ளும், மாப்பிள்ளையும் வேலைக்கு இறங்குவார். அப்படித்தான் வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது.

போன மழைக்கு வண்டியை அவர்தான் ஓட்டினார். சேற்றுப் பாதையில் லீவரைத் தள்ளினார். ஒரு பக்கத்து ஹப் பூட்டிக்கொண்டது, மறுபக்கத்து ஹப் யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் வண்டி எருமை மாதிரி சுகமாகப் படுத்துவிட்டது. டிராக்டர் வந்து இழுத்தது. இழுத்தவர் போகிற போக்கில், "அம்மா ஓட்டினா இப்படி ஆகாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்றது அவர் மனைவியை. மாட்டு டாக்டர். சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் அந்த வண்டியில்தான் போய்வருவார். அன்றைக்கு டாக்டரம்மாவின் கைப்பைக்குள் போன சாவி அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. கணவர் கேட்டால் மறுப்பதும் இல்லை. "நீங்க நிம்மதியா உக்காந்து வாங்க" என்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சனிக்கிழமைதோறும் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் நிம்மதியாக உட்கார்ந்து, நிம்மதியில்லாமல் போய்வந்துகொண்டிருந்தார் நம்மவர். ஸ்டியரிங்கை மறுபடி பிடிக்காவிட்டால் டிராக்டர்காரர் சொன்னதே கடைசித் தீர்ப்பாகிவிடும்.

மேனுவல் ஹப்பில் அவர் கண்டது இரண்டு லாபம். மாட்டிய பிறகு வண்டி சேற்றில் சிக்காவிட்டால், அன்றைக்குத் தப்பு ஓட்டியவர் மேல் இல்லை என்று ஊருக்குத் தெரியும். இது வெளியே சொல்லக்கூடியது. இன்னொன்று சொல்லக்கூடாதது. மேனுவல் என்றால் சேறு வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, ஓட்டுகிறவர் கீழே இறங்கி, இரண்டு முன்சக்கரங்களிலும் இருக்கும் திருகைக் கையால் 'லாக்' பக்கம் திருப்ப வேண்டும். நல்ல சாலைக்கு வந்ததும் மறுபடி இறங்கி 'ஃப்ரீ' பக்கம் திருப்ப வேண்டும். டாக்டரம்மாவோ இஸ்திரி மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போகிறவர். ஒரே மழைக்காலம், சாவி தானாகத் தன் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

அடுத்த வீட்டுக் கப்பல்காரரும் நல்ல நேரத்தில் வாய்த்தார். பாதி ஆயுளைக் கப்பல் இன்ஜின் அறையில் கழித்தவர், மீதியைக் கொட்டகையில் இரும்புச் சாமான்களோடு கழிக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவராகவே பேச்சை எடுத்தார். இந்த வண்டிக்குப் பொருந்துகிற மேனுவல் ஹப் ஒரு ஜோடி தன்னிடம் சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்துக்கொடுத்த பெட்டியின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிந்திருக்கவில்லை. வண்டியே இல்லாதவர் வீட்டில் புது ஹப் எதற்கு? பிழைதிருத்துகிறவர் கண்ணில் அது படத்தான் செய்தது. குறி போடாமல் விட்டுவிட்டார்.

டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "இருக்கிறது இருக்கட்டுமே, எதுக்குங்க சிரமம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அது போதாதா. நம்மவர் எழுந்து நின்று சொற்பொழிவே ஆற்றிவிட்டார். "தானா நடக்கிற எதையும் நான் நம்பறதில்லை. கையால செஞ்சாத்தான் நிச்சயம்" என்று முடித்தார். அவர் போட்டிருந்த தேய்த்த சட்டையையும், கையில் ஆவி பறக்கும் டீயையும் டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சரிங்க" என்றார்.

இருபது வருஷக் குடும்பஸ்தர் அந்தச் 'சரிங்க'வுக்குப் பயந்திருக்க வேண்டும்.

வேலை கொட்டகையில் நடந்தது. நம்மவர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார். பழைய ஹப்பை இழுத்தால் வரவில்லை. கப்பல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, ஆட்டோமேட்டிக் ஹப்புக்கு ஒரு குணம் உண்டு, முன்னால் இழுக்க இழுக்கப் பிடித்துக்கொள்ளும், வண்டியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் தானாக விட்டுவிடும் என்று விளக்கினார். சக்கரத்தைக் கையால் பின்பக்கம் சுற்றினதும் நிஜமாகவே விட்டது. உள்ளே பேரிங்கைப் பிடித்திருக்கும் நட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. அதை எவ்வளவு இறுக்குவது என்று கேட்டார் நம்மவர்.

"ரொம்ப இறுக்கினா சுத்தாது, தளர விட்டா ஆடும்" என்றார் கப்பல்காரர். "கல்யாணம் ஆனவர்தானே நீங்க, பார்த்து இறுக்குங்க."

முழங்கை வரை கிரீஸ். கடைசியாக அச்சின் நுனியில் ஒரு சின்ன இரும்பு வளையத்தை மாட்ட வேண்டும். இடுக்கியில் விரித்துப் பிடித்தபோது அது 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பரலோகம் போய்விட்டது. கொட்டகையை இரண்டு பேரும் தவழ்ந்து தேடினார்கள். பழைய ஹப்புகளைப் பார்வையிட வந்ததுபோல் வந்த டாக்டரம்மா, வாசல் மிதியடியிலிருந்து அதை எடுத்து விரலில் போட்டுக்கொண்டு நின்றார்.

"கல்யாணத்துல போட்டதுக்கு அப்புறம் நீங்க எனக்குப் போடற ரெண்டாவது மோதிரம். இதுக்கும் நானேதான் விரலை நீட்ட வேண்டியிருக்கு."

நம்மவர் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ள மாமனாரின் பழமொழியை எடுத்துவிட்டார். தானாகப் பூட்டிக்கொள்கிற கதவை நம்பாதே என்று உன் அப்பாவே சொல்வார் என்றார்.

"முழுசாச் சொல்லுங்க. 'தானாப் பூட்டிக்கிற கதவை நம்பாதே, சாவி வச்சிருக்கிறவளைப் பகைக்காதே.' எங்கம்மா பக்கத்துல நின்னாத்தான் அப்பா அதைச் சொல்லுவார்." வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பழைய ஹப்புகளை ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். இடத்தை அடைக்கிறதாம்.

சனிக்கிழமை வந்தது. மழையும் வந்தது. மேட்டுப் பண்ணையில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிப்பதாக போன். பண்ணைக்குப் போகும் வழியில் சாலை முடிந்து சேறு தொடங்குகிற இடத்தில் டாக்டரம்மா வண்டியை நிறுத்தினார். நம்மவருக்கு மனசுக்குள் மேளம் கொட்டியது. இஸ்திரி மடிப்பு சேற்றில் இறங்கப்போகிற காட்சிக்காக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டரம்மா அசையவில்லை. வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

"ம்?" என்றார் நம்மவர்.

"ம்... இறங்குங்க."

"நானா? ஓட்டறவங்கதானே..."

"மேனுவல்னா என்னங்க? கையால செய்யறது. இன்னும் கொஞ்ச நேரத்துல நான் மாட்டுக்குள்ள கை விட்டுக் கன்னுக்குட்டியை எடுக்கணும். சேத்துக் கையோட விடச் சொல்றீங்களா?"

எந்த வாக்கியத்திலும் ஒரு பிழையாவது கண்டுபிடிக்கிறவர், இதை முன்னும் பின்னும் படித்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மருந்துப் பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். தோல் செருப்பு ஒன்று முதல் அடியிலேயே பூமிக்குள் போனது. இடது சக்கரத்தைப் பூட்டிவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து வலது சக்கரத்தைப் பூட்டினார்.

வண்டி சேற்றில் கோயில் தேர் மாதிரி போனது. ஒரு உறுமல் இல்லை, வழுக்கல் இல்லை. அவர் மாட்டிய ஹப், அவர் இறுக்கிய நட்டு. ஒற்றைச் செருப்போடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அந்த வெற்றியை அவர் அனுபவித்தார். கன்று நல்லபடியாகப் பிறந்தது. திரும்பி வரும்போது டாக்டரம்மா தானாகவே, அன்றைக்குத் தப்பு ஹப் மேல்தான், உங்கள் மேல் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

"அப்போ இனிமே நான் ஓட்டலாம்" என்றார் அவர்.

"தாராளமா. ஆனா நீங்க ஓட்டினா யாரு இறங்கறது?" சாலை வந்துவிட்டது. வண்டியை நிறுத்தினார். "ஃப்ரீ பண்ணிட்டு வந்துடுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் நேரே கப்பல்காரரிடம் போனார். பழைய ஆட்டோமேட்டிக்கையே திரும்ப மாட்டிவிடலாம், உதவிக்கு வாருங்கள் என்றார். கப்பல்காரர் தலையைச் சொறிந்தார். பழையது அன்றைக்கே இரும்புக்கடைக்குப் போய்விட்டது என்றார். அப்புறம், மனசு கேட்காமல் மீதியையும் சொன்னார். புது ஹப்பை வாங்கி அவரிடம் கொடுத்து வைத்ததே டாக்டரம்மாதான். சும்மா கிடக்கிறதென்று மட்டும் சொல்லுங்கள், மற்றது அவருக்குத் தானாகத் தோன்றும் என்றாராம்.

டாக்டரம்மா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னிடமே நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார் அவர்.

"சொல்லியிருந்தா ஏன் எதுக்குன்னு மழைக்காலம் பூரா திருத்திக்கிட்டே இருந்திருப்பீங்க. வண்டியில இருந்த ஆட்டோமேட்டிக்கை மாத்தியாச்சு. வீட்டுல இருக்கிறதை மாத்த முடியுமா? முன்னால இழுத்தாப் பிடிச்சுக்குது, நான் கொஞ்சம் பின்னால போனேன்னா தானா வழிக்கு வந்துடுது."

மறுநாள் அவர் கடைக்குப் போய், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினார்.