கசிவு வறண்டுபோன நாள்

தண்ணீரைக் குடிப்பவர்கள், தண்ணீரைச் சுமப்பவர்கள், தண்ணீரை விற்பவர்கள் என்று மனிதரில் பல ரகம் உண்டு. இவர்கள் யாரோடும் சேராத ஒரு ரகத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். இவர் தண்ணீரை நிர்வகிப்பவர். குடிநீர் வாரியத்தில் வேலையா என்று கேட்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் பாவம், எதையாவது திருகிக்கொண்டே இருப்பவர்கள். இவர் எதையும் திருகமாட்டார். பேசுவார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். ‘தண்ணி’ என்ற சொல் இவர் வாயில் வராது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் “கொஞ்சம் நீர்வளம் கிடைக்குமா?” என்றுதான் கேட்பார். நீங்கள் காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அந்தக் கொட்டை விளைந்து, காய்ந்து, வறுபட்டு, பொடியாகி உங்கள் வீட்டு டம்ளருக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை குடம் நீர் செலவாயிற்று என்று விளக்குவார். குற்ற உணர்ச்சி தாங்காமல் நீங்கள் உங்கள் டம்ளரைக் கீழே வைக்கும்போது, தம்முடையதைக் குடித்து முடித்திருப்பார். தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதில் ஒரு கருத்தரங்கின் பெயர் அச்சாகியிருக்கும். அந்தப் பெயரில் ‘நீடித்த’ என்ற சொல் கட்டாயம் உண்டு. கருத்தரங்கு மட்டும் மதியச் சாப்பாட்டோடு கலைந்துபோயிருக்கும்.

எங்கள் குடியிருப்பிலும் ஒருவர் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு வந்தவர்களிடம் “இன்னும் ஒரு பேப்பர் குறையுதே” என்று சொல்லியே பணிக்காலத்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு நீர் மேலாண்மைப் பயிலரங்கு ஒன்றுக்குப் போனார், துணிப்பையோடு திரும்பினார், எங்கள் நீர் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் ஆனார். நாங்கள் அவரை ‘மேலாண்மை’ என்றுதான் கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால். எதிரில் வந்தால் சார்.

“நம்ம வீட்டுச் சமையல்கட்டுக் குழாய் ஒழுகுதுங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. அது கீழ்மட்டப் பிரச்சினையாம். இவரு கொள்கை மட்டத்துல வேலை செய்யறாராம்” என்று அவருடைய மனைவி படிக்கட்டில் நின்று எங்களிடம் அலுத்துக்கொள்வதுண்டு.

அந்தக் கொள்கைக்கு ஒரு சோதனை வந்தது. எங்களுடையது நான்கு மாடிக் கட்டடம். மோட்டாரைப் போட்டால், தரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் ஒரே குழாயில் ஏறி மாடி மாடியாகப் போக வேண்டும். ஓடுகிற நேரத்தில் அவரவர் பிடித்துக்கொள்ள வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் அந்தக் குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்து ஒழுக ஆரம்பித்தது. மூன்றாம் மாடி வரைக்கும் தண்ணீர் எப்படியோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிட்டது. நான்காம் மாடிக்கு வெறும் காற்றுதான் வந்தது.

நான்காம் மாடியில் இருப்பவர் தையல்காரம்மா. அவர் கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறார். தினமும் உடம்பைத் துடைத்துவிட வேண்டும், விரிப்பை மாற்றி அலச வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதுகு ஏற்கெனவே சிவக்கத் தொடங்கியிருந்தது. அந்த அம்மா தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு, கீழே தொட்டியடியில் தண்ணீர் பிடித்து, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நான்கு மாடியும் ஏறிக்கொண்டிருந்தார்.

“சார், அந்த ஒழுகுற இடத்தை அடைச்சிட்டா எங்களுக்கும் தண்ணி ஏறிடும் சார்” என்று அவர் ஒருநாள் மேலாண்மையை வழிமறித்துக் கேட்டார்.

“அடைக்கலாம்மா, யாரு வேணாம்னா? ஆனா எவ்வளவு ஒழுகுது, எப்ப ஒழுகுது, எதனால ஒழுகுதுன்னு தெரியாம அடைச்சா அது மேலாண்மை இல்ல. வெறும் அடைப்பு.”

மறுநாளே கசிவுக்குக் கீழே ஒரு நீல வாளி வந்து உட்கார்ந்தது. வாளிக்குள் கோடு போட்ட குச்சி. காலையும் மாலையும் மேலாண்மை குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அளந்து, படிக்கட்டுச் சுவரில் ஒட்டிய அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தார். கோடு ஏறினால் அவர் முகம் மலரும். ஒரு தகப்பன் பிள்ளையின் உயரத்தைச் சுவரில் குறித்து வைப்பானே, அப்படி ஒரு பூரிப்பு.

பிளம்பரும் வந்தார். வருகிறேன் என்று சொன்ன நாளில் அல்ல, அந்த வம்சத்தில் அது வழக்கமும் இல்லை. ஆனாலும் கையில் ஸ்பேனரோடு வந்து நின்றார். “இப்ப அடைச்சிட்டா அடிப்படைத் தரவு கெட்டுப்போயிடும்ப்பா, பருவம் முடியட்டும்” என்று மேலாண்மை தடுத்தார். வேலை செய்யாதே என்று கெஞ்சிய முதல் வாடிக்கையாளரைக் கண்ட சந்தோஷத்தில் பிளம்பர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

தையல்காரம்மா இறங்கி வந்தார்.

“சரிங்க சார், நீங்க அளந்துக்குங்க. அளந்த பிறகு அந்த பக்கெட் தண்ணியையாவது நான் எடுத்துக்கறேனே.”

மேலாண்மை உண்மையாகவே யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

“அதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. நீ எடுத்துப் புழங்கிட்டா அது கசிவு இல்ல, பயன்பாடு ஆயிடும். அப்புறம் கசிவுன்னு நான் எதைக் காட்டறது?”

சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கிப்போய், அந்த அம்மாவின் கண் முன்னாலேயே சாக்கடையில் ஊற்றினார். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல், மிகவும் பொறுப்பாக ஊற்றினார்.

அதற்கு அடுத்த நாள் காலை தையல்காரம்மா பழைய சைக்கிள் டியூப் ஒன்றை நீளவாட்டில் கத்தரித்து எடுத்துவந்து, இணைப்பின் மேல் சுற்றிச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டார். மேலே போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மோட்டார் ஓடியதும் குழாய் இருமியது, செருமியது, கலங்கலாகக் கொஞ்சம் துப்பியது, பிறகு தெளிவாகக் கொட்டியது. கணவரின் முதுகைத் துடைத்து, தலையைக் கட்டிலின் ஓரத்துக்கு இழுத்து, கீழே பேசின் வைத்து, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவருக்குத் தலைக்கு ஊற்றிவிட்டார். “இன்னொரு சொம்பு ஊத்தும்மா” என்று அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். இந்த அம்மா ஊற்றிக்கொண்டே அழுதாராம்.

கீழே வேறொருவர் அழும் நிலையில் இருந்தார். மேலாண்மை குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்திருந்தது. வாளியைத் தட்டினார், கவிழ்த்தார், மேலே பார்த்தார். படிக்கட்டடி இருட்டில் டியூப் அவர் கண்ணில் படவில்லை. வாளிக்குள் மட்டுமே பார்த்துப் பழகிய கண்.

“கசிவு வறண்டுபோச்சு” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மாலையே அவசரக் கூட்டம். வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள், சுவரில் வெள்ளைத் துணி, துணியில் புரொஜெக்டர் படம், மேசையில் வரிசையாக பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள். அன்றைக்கென்றே எழுதி வாங்கிய புதுப் பலகை ஒன்று அவர் தலைக்கு மேல் தொங்கியது: ‘பிரச்சினையும் நீர், தீர்வும் நீர்.’

“பங்குதாரர்களே” என்று ஆரம்பித்தார். குடியிருப்பவர்கள் என்று எங்களைச் சொல்ல அவருக்கு மனசு வராது. “நிலத்தடி நீர்மட்டம் விழுந்திருக்கலாம். பருவநிலை மாறியிருக்கலாம். எதையும் நாம ஒதுக்கிட முடியாது.”

“நான்தான் சார் கட்டினேன்” என்றார் தையல்காரம்மா, கடைசி வரிசையில் இருந்து.

“எதைக் கட்டினே?”

“கசிவை.”

“யாரைக் கேட்டும்மா? கலந்து பேசாம, ஆய்வு நடந்துக்கிட்டு இருக்கிற இடத்துல இப்படிக் கை வைக்கலாமா? பிரச்சினையோட வேர் என்னன்னே இன்னும் தெரியலையே.”

தையல்காரம்மா பலகையைப் பார்த்தார். எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார். ‘பிரச்சினையும்’ என்பதுவரைக்கும் பலகையைப் பார்த்தவர், ‘நீர்’ என்னும்போது மேலாண்மையின் முகத்தைப் பார்த்தார்.

“சரியாத்தான் எழுதி வெச்சிருக்கீங்க சார். ஆனா முதல் பாதிதான் உண்மை.”

நாலைந்து பேர் கர்ச்சீப்பில் சிரித்தார்கள். மேலாண்மை மட்டும் நல்ல கருத்து என்று தலையாட்டினார்.

பிறகு தீர்மானம் வந்தது. டியூபை அவிழ்ப்பது, பருவம் முடிகிறவரை கசிவை அதன் இயல்பில் விடுவது, முடிந்ததும் முறைப்படி அடைப்பது. “ஆரம்பிச்சதைப் பாதியில விடக் கூடாதுல்ல” என்றார் முதல் மாடி வங்கிக்காரர். “தண்ணிக்காகத்தானே செய்யறாரு, நல்ல காரியம்தான்” என்றார் இரண்டாம் மாடி ஆசிரியை. மூன்றாம் மாடி அம்மாவுக்கு அடுப்பில் குக்கர் இருந்தது. சீக்கிரம் முடித்தால் போதும் என்று எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினார். தூக்காத கை ஒன்றே ஒன்று.

“உன் கருத்தையும் பதிவு பண்ணிக்கறேம்மா” என்று மேலாண்மை மனசார ஆறுதல் சொன்னார்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. “உங்கிட்டதானே கத்தரிக்கோல் இருக்கும், கொஞ்சம் குடேன்” என்று அந்த அம்மாவிடமே கேட்டார். அவர் படியேறிப் போய்விட்டார். மூன்றாம் மாடி அம்மாதான் ஓடிப்போய்க் காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் காலை அட்டையில் புள்ளி ஏறியது. மாடிப்படியில் தையல்காரம்மா ஏறினார்.

இப்போது உங்களுக்குக் கோபம் வருகிறது. இப்படியும் ஒரு ஆளா என்று பல்லைக் கடிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த துணிப்பைக்காரர் ஒருவரின் முகம் கண் முன்னால் வந்து நிற்கிறது. அவரிடம் இதைப் படித்துக் காட்டவேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது. தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் அன்றைய கூட்டத்தில் மேலாண்மைக்கு இருந்ததும் ஒரே ஓட்டுதான் என்பதை மறந்துவிட வேண்டாம். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது, இல்லையா? அப்படியென்றால் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

நீங்கள் எந்த மாடி?