பமட என்பது படம் அல்ல

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகன் வணக்கத்துடன் எழுதுவது. இந்த இடத்தில் நலம் விசாரிக்க வேண்டும். உங்கள் கண் நலமாக இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பவன். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையில் சொற்கள் இருக்காது, தனித்தனி எழுத்துகள்தான் இருக்கும். அர்த்தம் வந்துவிட்டால் கண் படிப்பதற்கு முன் மூளை படித்துவிடும். இதை வியாழக்கிழமை உங்களிடம் நான்கு முறை சொன்னேன். மூன்றாம் வரி ‘ப ம ட’. நீங்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு, “படம்” என்றீர்கள். “ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க பெரியப்பா, சேத்துப் படிக்காதீங்க” என்றேன். “சேத்துப் படிக்கத்தானேடா எழுத்து? அடுத்தது கப்பல். அதையும் பலகபன்னு அடிச்சு வச்சிருக்கான். எவன்டா இதுக்கு ப்ரூஃப் பாத்தவன்?” என்று என்னையே அதட்டினீர்கள். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

சொட்டு மருந்து எடுக்க நான் உள்ளே போன இரண்டு நிமிடத்தில், நாற்பது வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்திய கை சும்மா இருக்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் போய், சிவப்புப் பேனாவால் எழுத்துகளை இடம் மாற்றி வளைவு போட்டு, ‘ம’வுக்கும் ‘ப’வுக்கும் ‘ல’வுக்கும் புள்ளி வைத்து, ஓரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். நான் அதைக் கவனிக்காமல் அடுத்தவரை உட்காரவைத்தேன், அது என் தப்பு. ஆனால் அன்றைக்கு வந்த பதினொரு பேரில் ஒன்பது பேர் “படம், கப்பல்” என்று கணீரென்று சொன்னார்கள். தனி எழுத்து காதில் விழுந்தால் நிற்காது, சொல் நிற்கும். நீங்கள் திருத்திய பலகையை முதலில் படித்தவர் கத்தியது காத்திருந்த எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. தலைமை டாக்டர் என் முதுகில் தட்டி, “பரவாயில்லையே, ஊரே பார்வையோட இருக்கு” என்றார். மறுநாள் அந்த ஒன்பது பேரில் ஒருவரான தையல்காரர் தன் சட்டைக் கையையும் வாடிக்கையாளர் பாவாடையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு வந்து நின்றார். “நீங்கதானே தம்பி கண்ணாடி வேணாம்னீங்க? முதல்ல இதைப் பிரிங்க” என்றார். கத்தரிக்கோலால் நான்தான் பிரித்தேன்.

கோபிக்காதீர்கள். உங்கள் இரண்டு கண்ணிலும் புரை. நீங்கள் இருப்பதைப் பார்ப்பதில்லை, இருக்க வேண்டியதைப் பார்க்கிறீர்கள். உங்கள் அச்சகத்தில் அடிப்பதோ மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் சீட்டு. ‘அரை மாத்திரை’ என்பது ‘ஆறு மாத்திரை’ என்று வந்து, அதை நீங்கள் ‘அரை’ என்றே படித்தால் யார் பிழைப்பது? “வீட்டுப் பிள்ளை, முதலாளி கேட்ட சான்றிதழ்ல கண் சரின்னு ஒரு கையெழுத்து வாங்கித் தரக்கூடாதா?” என்று பெரியம்மா அழுதார்கள். வீட்டுப் பிள்ளை என்பதால்தான் முடியாது. புரை நீக்கும்வரை பிழை திருத்தும் வேலைக்கு நீங்கள் தகுதியற்றவர் என்று நானே சான்றிதழைத் தட்டச்சு செய்து, மூன்று முறை சரிபார்த்து, டாக்டர் கையெழுத்துடன் நேற்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். முதலாளியிடம் கொடுங்கள். புதன்கிழமை வெறும் வயிற்றோடு இங்கே வாருங்கள். அறுவைக்கு இருபது நிமிடம்தான், பத்து நாளில் மறுபடி வேலைக்குப் போகலாம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். திட்டுவதாக இருந்தாலும் ஆசி கூறிவிட்டுத் திட்டவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பெரியம்மா போன் செய்தார்கள். ‘தகுதியற்றவர்’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் நான் ‘தகுதியுற்றவர்’ என்று அடித்திருக்கிறேனாம். என் கண்ணிலும் படவில்லை, டாக்டர் கண்ணிலும் படவில்லை. நீங்கள் தாளை மூக்கருகே வைத்து ஒரே நொடியில் பிடித்துவிட்டீர்களாம். பிடித்துவிட்டு, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பிழையைத் திருத்தாமல் அப்படியே முதலாளியிடம் கொடுத்துவிட்டீர்களாம்.