ஸ்பிரிங் அண்ணையும் பின்சீட்டுக்காரரும்

உலகத்தில் மற்ற எல்லாரும் ஒரு பொருளைக் கண்ணால் பார்ப்பார்கள். ஸ்பிரிங் அண்ணை மட்டும் அமுக்கித்தான் பார்ப்பார். கட்டில், கதிரை, ரயில் இருக்கை, தெருவில் நிற்கும் யாருடைய காரோ, எதுவானாலும் சரி. உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு, பிறகு காதைச் சாய்த்து ஒரு கவனிப்பு. மெல்போர்னை ஒட்டிய டண்டினொங்கில் ஒருநாள் சவ ஊர்தி ஒன்றின் பின்பக்கத்தை அமுக்கிவிட்டு, "பாரம் இருக்குப் போல" என்றார். ஓட்டுநர் தலையை நீட்டி, வண்டி காலி என்றார்.

"அப்பிடியெண்டு நீர் நினைக்கிறீர்" என்று அண்ணை தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தார்.

யாழ்ப்பாணத்தில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பார்த்தவர். நான் தூத்துக்குடியில் கப்பலேறி, மெல்போர்னில் இறங்கி, திரும்ப ஏறாமல் விட்டவன். எழுபதுகளின் நடுவில் இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் தகரம் வெட்டினோம், இன்னும் சிலரோடு ஒரே அறையில் தங்கினோம். அந்த அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அதில் படுத்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. அண்ணை அதை அமுக்கிப் பார்த்து, "இதில ஆள் இன்னும் எழும்பேல்லை" என்றார். அதன்பின் எங்களில் யாரும் அதில் உட்காரவே இல்லை. அவர் மட்டும் தினமும் அதிலேயே, சுவரோடு ஒட்டிப் படுத்துத் தூங்கினார்.

"தாராளமா படுங்களேன் அண்ணே."

"அவருக்கும் இடம் வேணுமெல்லோ."

குளிர்காலத்தில் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது எங்களையும் நிறுத்தியது. பனிமலை விடுதி ஒன்றில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். முதலாளி கெவின் காலில் மாவுக்கட்டோடு இருந்தான். அவனிடம் பழைய ஸ்னோமொபைல் ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் பனியைத் தள்ளிக்கொண்டு ஓடும் அகலமான ரப்பர் பட்டி. இறுகிய பனியில் நன்றாக ஓடும். ஆழமான புதுப் பனியில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிடும். அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டான்.

அண்ணை இருக்கையை அமுக்கினார். முகம் மாறியது.

"இதுக்கு முன்னம் இது ஆற்றை வண்டி?"

நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். கீழே பள்ளத்தாக்கில் ஒருவருடையது என்றான் கெவின். ஒருநாள் மேலே போனார். வண்டி கிடைத்தது, எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததாம். ஆள் கிடைக்கவில்லை.

"ஆள் இதிலதான் இருக்கிறார். பின்னால" என்றார் அண்ணை. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வேலையைத் தொடங்கினார். மூக்கு தூக்க வேண்டும், பாரம் பின்னால் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. பட்டிக்குள் இருக்கும் சட்டத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிற வாரைத் தளர்த்தினார். சறுக்குக்கட்டைகளின் ஸ்பிரிங்கை இளக்கினார். எல்லாம் சரி. பின் ஸ்பிரிங் மட்டும் எவ்வளவு முறுக்கினாலும் தாழ்ந்தே நின்றது. வேறொரு உடைந்த வண்டியிலிருந்து புதுசு போல இருந்த இரண்டைக் கழற்றி மாட்டினார். அப்போதும், யாரும் ஏறாமலே, ஆள் உட்கார்ந்த மாதிரி பின்பக்கம் இறங்கியது.

"சொன்னனானெல்லோ" என்றார்.

கெவினின் அப்பா மலைக்கு மேலே ஒரு மரவீட்டில் பிடிவாதமாகத் தனியே குளிர்காலத்தைக் கழிப்பவர். பெரும்பனி பெய்து ஓய்ந்த ஒரு காலையில், இதய மாத்திரை தீர்ந்துவிட்டது, நெஞ்சு வலிக்கிறது என்று ரேடியோவில் சொன்னார். அதன்பின் ரேடியோ பேசவில்லை. அந்தப் பனியில் ஏறக்கூடிய வண்டி இது ஒன்றுதான். விடுதியில் அவருக்கென்று வைத்திருந்த மாத்திரையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நான் ஓட்ட உட்கார்ந்தேன்.

அண்ணை விடவில்லை. ரிப்பேர் ஆன வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் கிளம்பக்கூடாது. சறுக்குக்கட்டைகளின் கீழே பழத்தை வைத்தார். வண்டியை நகர்த்தினேன். பழம் நசுங்காமல் முழுசாகப் பனிக்குள் போய்விட்டது. தோண்டி எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் அது உள்ளே போனது.

"அங்கே அப்பா சாகக் கிடக்கிறார், இங்கே நீங்கள் பழம் நட்டுக்கொண்டிருக்கிறீர்களா?" என்று மாடியிலிருந்து கெவின் கத்தினான்.

"நசியேல்லை. நீர் தனியப் போகக்கூடாது, தம்பி" என்று அண்ணை எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டார்.

வண்டி பனிமேல் படகுபோல மிதந்தது. மூக்கு அவ்வளவு உயரத்தில் இருந்ததால் எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. கைப்பிடியைத் திருப்பினால் சறுக்குக்கட்டைகள் காற்றில் திரும்பின, வண்டி நேரே போனது. இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்துதான் வளைவுகளைக் கடந்தோம். சில வளைவுகளில் நான் சாயும் முன்பே வண்டி சாய்ந்தது. மூடுபனி இறங்கி, மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. செங்குத்தான ஓரிடத்தில் பட்டி சுற்றியதே தவிர வண்டி ஏறவில்லை.

அண்ணை யோசித்தார். "பாரம் கூடிப் போச்சு. ஆரோ ஒருத்தர் இறங்கத்தான் வேணும். அவர் இறங்கமாட்டார். நான் இறங்கிறன்."

"இங்கயா? செத்துப் போவீங்க அண்ணே."

"கிழவன் எனக்கு முன்னம் போயிடும். நீர் போம்."

இடுப்பளவு பனியில் நின்று வண்டியைத் தள்ளிவிட்டார். ஏறியது. திரும்பிப் பார்த்தபோது அவர் தெரியவில்லை. பின்பக்கம் மட்டும் தாழ்ந்தே இருந்தது. அதன்பின் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கிழவர் தரையில் கிடந்தார். மாத்திரையை நாக்கின் கீழே வைத்தேன். முகத்தில் மெல்ல நிறம் வந்தது. ஜன்னல் பக்கம் பார்த்து, "உன் சிநேகிதனை ஏன் வெளியே உட்கார வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

"அவர் இறங்கமாட்டார்" என்றேன்.

அவரைப் போர்த்திவிட்டு, மாத்திரைப் புட்டியைக் கையில் கொடுத்துவிட்டு உடனே இறங்கினேன். மறுபடி பெய்யத் தொடங்கிய பனி என் தடத்தை மூடிக்கொண்டிருந்தது. அண்ணை ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். புருவம் வெள்ளை. நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது. தூக்கி ஏற்றி, என் இடுப்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். தலை என் முதுகில் விழுந்தது.

"அண்ணே, தூங்காதீங்க. பேசிக்கிட்டே வாங்க."

பின்னால் பாரம் இருந்தது. ஆனால் அந்த வண்டியில் அது எப்போதுமே இருந்தது, அதை வைத்து அண்ணை இருக்கிறாரா என்று சொல்ல முடியாது. அப்போது வண்டி ஒரு மேட்டில் ஏறித் தொம்மென்று விழுந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது.

"என்ன ஓட்டு இது. ஸ்பிரிங்கைக் கொல்லுறீர்."

குரல் நின்றது. இன்னொரு மேட்டில் ஏற்றினேன். மறுபடி ஒரு வசவு. விடுதி விளக்கு கண்ணில் படும்வரை, அந்த மலையில் இருந்த ஒரு பள்ளத்தையும் நான் விட்டுவைக்கவில்லை.