பொருக்கு சாரின் நீலம்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். விறகுக்கட்டையில் சாக்பீஸால் எடை எழுதிப் பழகிய கை இது. எழுத்துகள் பெரிசு பெரிசாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். பிழைகளும் நிறைய இருக்கும். பத்திரிகைக்காரர்கள்தான் பிரித்து அடுக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த மனிதரைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். வேறு யாரும் எழுதுகிற மாதிரி தெரியவில்லை.

செஞ்சிக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தலையை நிமிர்த்திக் கோட்டையைப் பார்ப்பார்கள். இந்த ஊரிலேயே வேலை பார்த்து, இந்த ஊரிலேயே தலை நரைத்து, ஒரு தடவைகூடக் கோட்டையை நிமிர்ந்து பார்க்காத ஒரே மனிதர் பொருக்கு சார்தான். ராஜகிரி மலையே நகர்ந்து அவர் முன்னால் வந்து நின்றிருந்தாலும், "கொஞ்சம் தள்ளு, உன் கால் கீழ ஒரு குச்சி கெடக்குது" என்றுதான் சொல்லியிருப்பார்.

வேலை மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஆசையெல்லாம் செத்த கிளைகளின் மேல். அந்தக் கிளைகளில் ஒரு வகைப் பூஞ்சை வளரும். அதற்குக் காளான் மாதிரி தண்டும் கிடையாது, குடையும் கிடையாது. தோசைக்கல்லில் மாவு ஊற்றித் தேய்த்த மாதிரி கிளையின் அடிப்பக்கத்தில் ஒட்டிப் படர்ந்திருக்கும். நான் அதை மரத்துக்கு வந்த சொறி என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதைப் பொருக்கு என்பார். அதனால் ஊர் அவரையே பொருக்கு சார் ஆக்கிவிட்டது.

என் விறகுக்கடைக்கு அவர் முதலில் வந்தது ஒரு மழை நாளில். ஒவ்வொரு கட்டையாகத் திருப்பிப் போட்டார்.

"விறகு வேணுமா சார்?"

"விறகு வேணாம்ப்பா. அதோட முதுகு மட்டும் காட்டு."

அரிசி அளவு ஒரு பொருக்கைச் சுரண்டி, பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று வந்தவர்களெல்லாம், "இன்னா ஏழுமல, உன் விறகெல்லாம் மல்லாந்து தூங்குது?" என்று கேட்டார்கள்.

பூஞ்சையைப் பார்த்துவிட்டால் அவருக்கு ரோடு தெரியாது, சேறு தெரியாது. கண்ணில் லென்ஸை வைத்து, முகத்தைக் கிளையோடு ஒட்டிக் குப்புறப் படுத்துவிடுவார். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்படிக் கிடந்தவரை வலிப்பு என்று நினைத்து, நாலு பேர் ஓடிவந்து கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அவர் தலையைத் தூக்காமலே, "ரொம்ப தேங்ஸ்ங்க" என்று சொல்லி அந்தச் சாவியாலேயே பொருக்கைச் சுரண்ட ஆரம்பித்தார். சாவிக்காரர் அரை மணி நேரம் நின்று வாங்கிக்கொண்டு போனார்.

"பூஞ்சைக்கு மூஞ்சி கெடையாது ஏழுமல. அதனால போலீஸ் மாதிரி விசாரிச்சிதான் யாருன்னு கண்டுபிடிக்கணும்" என்பார். மேலே வழவழப்பா, பரு பருவாகவா, பல் பல்லாகவா, ஓட்டை ஓட்டையாகவா? காய்ந்தால் ஓரம் தூக்குமா? எந்த மரம்? பொட்டாஷ் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறுமா? கடைசியில் மெல்லிசாகச் சீவி, ஆஸ்பத்திரியில் சாணத்தில் புழு முட்டை பார்க்கிற பழைய மைக்ராஸ்கோப்பில் வைப்பார். டாக்டர் நல்ல மனிதர். சாயங்காலம் மாடுகள் போனபிறகு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இப்படி இருந்தவருக்கு ஒரு மாசி மாதத்தில் கெட்ட நேரம் வந்தது.

வல்லம் பக்கம் ஒரு வேலியில் விழுந்து கிடந்த வேப்பங்கிளையில் பளீரென்று நீலமாக ஒரு பொருக்கு. அவர் அந்த இடத்திலேயே குதித்தாராம். போட்டோ எடுத்து, தனக்குப் பழக்கமான ஒரு காலேஜ் பேராசிரியருக்கு அனுப்பினார். "நீலப் பொருக்கு சார்! நம்ம பக்கத்தில!" என்று போனில் கத்தியது டீக்கடை வரை கேட்டது. லென்ஸில் பார்க்கவும் பொறுமை இல்லை. கிளையைத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் அனுப்பிவிட்டார்.

நாலு நாளில் பதில் வந்தது. எனாமல் பெயிண்ட்.

வேலிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பொங்கலுக்குக் கொம்புக்கு நீலம் அடிச்சோம் சார். காயறதுக்குள்ள எங்க காள அந்தக் கெளையில போயி சொறிஞ்சிக்கிச்சி."

காலமெல்லாம் மாட்டுக்கு ஊசி போட்டவர், மாட்டுக் கொம்பு பெயிண்ட் என்று தெரியாமல் ஏமாந்துவிட்டார். ஊர் விடுமா? டீக்கடையில் அவர் நுழைந்தாலே, "சார், எங்க ஊட்டு கேட்டுல பச்சப் பூஞ்சை வந்திருக்குது, வந்து பாக்குறீங்களா?" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் பேராசிரியர் அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. எதை அனுப்பினாலும் கட்டைவிரல் படம் மட்டும் வரும். அதுதான் அவரைக் குத்தியது.

"தை மாசம் ரிட்டயர்டு ஆவறன். அப்புறம் மைக்ராஸ்கோப்பு கெடையாது. பெயிண்டு கம்பவுண்டர்னு பேரு வாங்கிட்டு ஊர விட்டுப் போவணுமா ஏழுமல?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு எப்போதுமே பேச்சு வராது. ஆனால் அன்றிலிருந்து நானும் கட்டைகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

போன வருஷம் கார்த்திகை மழை விட்ட ஒரு காலை. அனந்தபுரம் பக்கத்துத் தோப்பிலிருந்து வந்த லோடை இறக்கிக்கொண்டிருந்தேன். கை அளவு தடிமனில் ஒரு கிளை. திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்க நீலம். புது வெல்வெட் துணியைக் கத்தரித்து ஒட்டிய மாதிரி, ஓரத்தில் மட்டும் வெளிறி.

அவர் மேல்சித்தாமூரில் மாட்டுத் தடுப்பூசி முகாமில் இருந்தார். போன் போட்டேன்.

"சார்... நீலம்."

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது. பிறகு, "தொடாத. வெயில்ல வெக்காத. மூட்டை கட்டாத. நெழல்ல வெச்சிட்டு சும்மா இரு, வந்துட்டன்!" என்றார்.

நிழலில் வைத்தேன். கொட்டகைக்கு அடியில் அடுக்கியிருந்த விறகின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கொட்டகை காலி. அது அன்றைக்குக் கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டிய விறகு. மண்டபத்து வண்டிக்காரர் வந்து, என் கையால் நானே மேலே வைத்த கிளையையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பொருக்கு சார் மொபெட்டில் வந்து இறங்கினார். "எங்க?" என்றார். நான் ரோட்டைக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஏறு" என்றார். தடுப்பூசி ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அவர் மொபெட் அவ்வளவு வேகம் போகும் என்று அந்த மொபெட்டுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

மண்டபத்தின் பின்பக்கம் ஐந்து அடுப்பும் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தன. அவர் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் நான் உள்ளே ஓடினேன். இழவு வீட்டில்கூடச் சத்தமாக அழாதவன் நான். அன்று கத்தினேன்.

"அடுப்ப அணைங்க!"

சமையல் மாஸ்டர் கரண்டியோடு திரும்பினார். "இன்னாய்யா, பாம்பா?"

"இல்ல."

"பின்ன இன்னா?"

"நீலம்!" அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

"இன்னாது, சாம்பார்லயா?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரோ சாம்பாரில் விஷம் என்று சொன்னார்கள். கல்யாணப் பெண்ணின் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தச் சமயத்தில் பொருக்கு சார் ஐஸ் பெட்டியோடு உள்ளே வந்து, "யாரும் பயப்படாதீங்க, நான் ஆஸ்பத்திரியில இருந்து வரன்" என்றார்.

பெண்ணின் அப்பா முகம் வெளுத்துவிட்டது. "எந்த ஆஸ்பத்திரி?"

"மாட்டாஸ்பத்திரி."

அவர் அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

நான் திக்கித் திக்கிக் கிளை என்று சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டருக்குக் கோபம் வந்தது. "ஓ, நீதான் விறகுக்கடையா? ஈரக் கட்டையப் போயி மேல வெச்சி அனுப்பியிருக்கிற. ஒரே பொக. கண்ணு எரிஞ்சி பின்னால வீசிட்டன், போ!"

அந்த ஈரம்தான் காப்பாற்றியது. பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் கிளை, ஒரு முனை கருகி, இன்னும் புகைந்துகொண்டு கிடந்தது. நீலம் அப்படியே இருந்தது.

பொருக்கு சார் குதிக்கவில்லை. கிட்டே போக அவருக்குப் பயம். "இத வெட்டின எடத்துல மாடு கட்டுவாங்களா?" என்றுதான் கேட்டார். பிறகு குப்புறப் படுத்தார். நகத்தால் தொட்டார். பெயிண்ட் என்றால் சில்லாகப் பெயரும். இது மெழுகு மாதிரி அமுங்கியது. "என்ன மரம்?" என்றார். பட்டை பாதி போயிருந்தது. மாஸ்டரின் கத்தியை வாங்கி முனையை ஒரு சீவு சீவினேன். உள்ளே மஞ்சள்.

"நுணா சார். இந்த மஞ்சள் வேற மரத்துக்கு வராது."

ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவருடைய அவசரத்தில் சீவல் தடிமனாகவே வந்தது. நாலாவது சீவல்தான் சரியாக அமைந்தது. கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு என்னைப் பிடித்து இழுத்து, "பாரு!" என்றார். பார்த்தேன். நீல நூல்கள். ஒவ்வொரு நூலின் நுனியும் கிளை கிளையாகப் பிரிந்து, இலை உதிர்ந்த குட்டி மரங்கள் மாதிரி. நடுவில் நீளுருண்டையாக, கண்ணாடி போலச் சின்னச் சின்ன விதைத்தூள்.

"பெயிண்டுக்குக் கெளை மொளைக்குமா ஏழுமல?"

"மொளைக்காது சார்!"

மைக்ராஸ்கோப்பில் போனை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். மரம் என்கிற இடத்தில், 'நுணா, விறகுக்கடை ஏழுமலை சொன்னது' என்று எழுதினார். இருவரும் மாட்டைக் கட்டுகிற கம்பியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தோம். கட்டைவிரல் படம் வருமோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன் மணி அடித்தது. பேராசிரியரே கூப்பிட்டார்.

"கொம்பு எதுவும் இல்லியே?" என்றார் முதலில். பிறகு, "பேரு நீங்களே சொல்லுங்க, உங்க வாயால கேக்கணும்" என்றார்.

"டெரானா செருலியா" என்று அந்த நீலத்தின் சயின்ஸ் பெயரைப் பொருக்கு சார் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எனக்கு அது கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொன்ன மாதிரி இருந்தது. பிறகுதான் குதித்தார். அறுபதை நெருங்கிய மனிதர். ஊசி டப்பா இரண்டு கீழே விழுந்தது.

தை மாதம் மைக்ராஸ்கோப்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இங்கே மழை என்று செய்தியில் சொன்னால் உடனே போன் வரும். நலமா என்று கேட்பதே இல்லை. "அடிப்பக்கம் பாத்தியா?" என்பார். நேற்றும் வந்தது. பார்த்தேன், ஒன்றும் இல்லை என்றேன். "இருந்தா உன் கண்ணுல பட்டிருக்கும், விடு" என்றார்.

நான் தலை குனிந்தே நடக்கிறவன். ஊரில் எல்லோரும் அதைக் கூச்சம் என்பார்கள். அதைப் பார்வை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட மறுநாள், செஞ்சி.